அதீனாவின் பூசகி

டீட்டிகோன், சுவிஸ்,
ஞாயிறு மாலை

அன்பு மனைவிக்கு,

அடுத்த அறையில் இருக்கும் உமக்குக் கடிதம் எழுதுகிறேன். பேச வந்து இரண்டு முறை கதவோடு திரும்பிவிட்டேன்.

புதிய ஐயருக்கு விசா மறுத்துவிட்டார்கள், இனி அம்மனுக்கு யார் பூசை செய்வது என்று கோயில் கூட்டத்தில் இன்று கேட்டபோது, பழைய வரலாற்று ஆசிரியன் என்று என்னையும் பேசச் சொன்னார்கள். பண்டைய ஏதென்ஸில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை, ஆனால் நகரைக் காத்த அதீனா தேவிக்குப் பெண்தான் தலைமைப் பூசகி என்றேன். பாடம் சொல்வதாகத்தான் நினைத்தேன்.

நீர் எழுந்தீர்.

"இங்கை எங்களுக்கு வோட் இருக்கு. வடை சுடவும் விடுறியள். அப்ப பூசையை நான் செய்யிறன்."

"மாஸ்டர், வீட்டிலை கேட்டுப்போட்டோ கதைச்சனியள்?" என்று முன்வரிசையில் இருந்த தம்பித்துரை அண்ணை சிரித்தார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினேன்.

உமக்கு ஆதரவானவர்களைக் கை உயர்த்தச் சொன்னபோது நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

என் கை இல்லாமலே வென்றீர். வீடு வந்த பிறகு ஒருமுறைகூட "இஞ்சாருங்கோ" என்று நீர் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை உம்முடைய முதல் பூசையில் திருநீறு வாங்க வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். எல்லோரும் பார்க்கக் கையை நீட்டுவேன். தருவீரோ தெரியாது.

உம்முடைய
இஞ்சாருங்கோ