மன்னிக்கிற பாதி

இஞ்சாருங்கோ,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காகிதத்திலும் கை வரவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கலாமா? அங்கேயாவது ஆறுதலாக நித்திரை கொள்கிறீர்களா?

குருநகரில் இப்போது கரண்ட் இல்லை. கடலுக்குப் போகவும் நேவிக்காரர் விடுகிறார்கள் இல்லை. பொழுதுபட்டதும் ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைத்து நானும் உங்கள் அம்மாவும் செபமாலை சொல்கிறோம்.

முன்பு ஒவ்வொரு செபத்திலும் நீங்கள் முதல் பாதியைச் சொல்ல, நாங்கள் மறுபாதியைச் சொல்வோம். நீங்கள் போனபின் முதல் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். மாமிக்கு மூச்சு வாங்கும் என்று சாட்டுச் சொன்னேன். உண்மை வேறு. பரலோக மந்திரத்தில், தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதாகச் சொல்வது மறுபாதியில் வருகிறது. வலை இழுத்துக்கொண்டிருந்த உங்களைச் சுட்டவர்களை நான் எப்படி மன்னிப்பேன்?

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "ஆண்டவற்றை சித்தம், பிள்ளை" என்றார்கள். அவருடைய சித்தம் என்றால் அவரோடும் எனக்குக் கோபம்தான். ஆனாலும் கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. யாரோடு கோபமோ அவரிடமே போய் முறையிடுகிறேன். வேறு எங்கே போவேன்?

போன கிழமை மாமி செபமாலையை இடையில் நிறுத்திவிட்டார்.

"பிள்ளை, உந்த மன்னிக்கிற பாதியை என்ரை தலையிலை கட்டிப்போட்டு நீ தப்பீட்டாய், என்ன?"

எனக்கு முகம் சுட்டது. "ஓம் மாமி. என்னாலை ஏலாது. நீங்கள் எப்பிடிச் சொல்லுறியள்?"

"ஆர் சொன்னது? அந்த இடம் வரேக்கை நான் இருமுறன்."

யோசித்துப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தில்தான் இருமல் வரும். நான் ஒவ்வொரு நாளும் இருமலுக்கு மல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"பிறகென்னத்துக்கு மல்லித்தண்ணியைக் குடிச்சனியள்?"

"நீ ஆசையாய்த் தந்தாய், மோனை."

இரண்டு பேரும் சிரித்தோம். அப்படியே அழுதும்விட்டோம். நீங்கள் போனபின் உங்கள் வீட்டில் இத்தனை காலமும் அந்த வரியை ஒருவருமே சொல்லவில்லை. கடவுளுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

கோபம் போனபின் சொல்லலாம் என்று இருந்தால் நான் சாகும்வரை சொல்லமாட்டேன். அதனால் கோபத்தோடேயே சொல்வது என்று முடிவெடுத்தேன். முதல் பாதியை மாமியிடம் கொடுத்துவிட்டேன். நேற்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபாதியை முழுதாகச் சொன்னேன். மனம் கொஞ்சமும் இளகவில்லை. இன்றும் சொன்னேன்.

அவர்களை மன்னித்துவிட்டேன் என்று உங்களுக்குப் பொய் எழுதமாட்டேன். அது நடக்கும் நாளில் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன். நடக்காமலே போனால், இந்தக் கோபத்தையும் தூக்கிக்கொண்டு ஆண்டவர் முன்னால் வந்து நிற்பேன். வராமல் மட்டும் இருக்கமாட்டேன்.

உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மனைவி