அறுபத்தொரு தடவை திறந்த கதவு

மார்ச் 4, திங்கள்

இன்றும் காதலைச் சோதிக்கிற வேலைதான். விண்கப்பல் விளையாட்டில் கேப்டனோடு வரும் துணைகள் நான்கு பேர். யாரைக் காதலிப்பது என்று ஆடுகிறவர் தேர்ந்தெடுக்கலாம். பிடித்த பதிலைச் சொன்னால் அன்பு ஐந்து புள்ளி ஏறும், பிடிக்காததைச் சொன்னால் பத்து இறங்கும். கோளாறு இருந்தால் எழுதிக் கொடுக்க எனக்குச் சம்பளம். கல்யாணத்தில் கோட்டைவிட்டவனைத் தேடிப் பிடித்து இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று ஒன்று அகப்பட்டது. மூன்றாம் அத்தியாயத்தில் கப்பல் டாக்டரை வேண்டாமென்று சொல்லிவிட்டு விமானியைத் தேர்ந்தெடுத்தேன். அதன்பின் டாக்டர் முகம் கொடுத்துப் பேசக் கூடாது. "சொல்லுங்க கேப்டன்" என்பதோடு நிறுத்த வேண்டும். ஆனால் மருத்துவ அறைக் கதவு திறந்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறாள்: "காலடிச் சத்தம் கேட்டதுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

அப்பட்டமான கோளாறு. நாளை எழுதிக் கொடுக்க வேண்டும்.

மார்ச் 5

எழுதிக் கொடுக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

பதினோரு மணிக்கு அக்காவின் போன். எடுக்கவில்லை. மனைவி பிரிந்துபோனதும் ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போனேன். என் தட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள். "என்னைப் பாத்து அழறதா இருந்தா இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று கத்திவிட்டுப் படியிறங்கியவன்தான். எட்டு மாதம். ஞாயிறு தவறாமல் அடிக்கிறாள், நானும் தவறாமல் எடுப்பதில்லை. வீம்புக்கு நாங்கள் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

இன்று அலுவலகம் கிடையாது. மருத்துவ அறையும் கிடையாது. துவைத்த நாலு சட்டையை ஒரு மணி நேரம் காயப்போட்டேன்.

மார்ச் 14

மதியம் எல்லோரும் கும்பலாகச் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் டாக்டரைப் பார்க்கப் போனேன். உள்ளே போகிறேன், சொல்கிறாள். வெளியே வந்து மறுபடி போகிறேன், மறுபடி சொல்கிறாள்.

வெட்கமாயில்லையா எனக்கு? நாற்பது வயது. அது யாரோ கூலிக்குப் பேசிப் பதிவு செய்த குரல் — எனக்குத் தெரியாதா என்ன? எல்லாம் தெரியும். ஆனா இந்த எட்டு மாசத்துல நான் வர்ற சத்தத்தை யாராவது கவனிச்சாங்களா? என் வீட்டுக் கதவை நானேதான் திறக்கறேன், நானேதான் சாத்தறேன்.

மார்ச் 19

மாட்டிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாளான பெண் ஒரே மணி நேரத்தில் அந்தக் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. என்னைக் கூப்பிட்டு, யார் எப்போது எந்தக் கதவைத் திறந்தார்கள் என்ற பதிவைத் திரையில் காட்டினார்.

"அந்தக் கதவை அறுபத்தொரு தடவை திறந்திருக்கீங்க. ஒரு தடவைகூடவா காதுல விழல?"

"விழல சார்."

பதிவை மூடிவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "திருத்தினதும் நீங்களே சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது" என்றார்.

மார்ச் 22, வெள்ளி

திருத்திவிட்டார்கள். முதலிலிருந்து ஆடி, டாக்டரை மறுபடி வேண்டாமென்று சொன்னேன். கதவு திறந்தது.

"சொல்லுங்க கேப்டன்."

மூன்று தடவை பார்த்தால் போதும் என்பது விதி. பத்து தடவை திறந்தேன். 'கோளாறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 24, ஞாயிறு

பதினோரு மணிக்குப் போன் வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. பழுதாகிவிட்டதோ என்று போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கும் அலுத்திருக்கும். எத்தனை நாள்தான் அடிப்பாள்?

மார்ச் 31, ஞாயிறு

சொல்லாமல் கொள்ளாமல் போனேன். அக்கா வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் கால் நின்றுவிட்டது. என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது? திரும்பிவிடலாமா? கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏறினேன்.

மணியில் கைவைக்கும் முன்பே உள்ளிருந்து குரல் வந்தது.

"கதவு திறந்துதான்டா இருக்கு. யானை மாதிரி திமுதிமுனு ஏறி வந்தியே, ரெண்டாவது மாடியில என்ன அவ்வளவு நேரம்?"

செருப்பைக் கழற்ற எனக்கு ரொம்ப நேரமாயிற்று.