முதுகுக்குக் கண் கிடையாது

மார்ச் 3, செவ்வாய்

ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். கட்டினவள் வாயைக் குறைக்கச் சொன்னாள். "என்கிட்ட கத்துறத எல்லாம் இதுல கத்துங்க" என்று யாரோ கொடுத்த டைரியை மடியில் போட்டுவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தேர்தல். அதற்குள் டைரி நிரம்பிவிடும்.

இன்று மச்சானும் நானும் மூன்றாம் மாடிக்கு ஒரு அலமாரிக் கண்ணாடி ஏற்றினோம். மச்சான் என்றால் இவளுடைய அண்ணன். கண்ணாடிப் பட்டறை எனக்கும் அவனுக்கும் பாதிப் பாதி. பெரிய கண்ணாடி என்றால் நிமிர்த்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போக வேண்டும். முன்னால் போகிறவன் நான், அதுவும் பின்னோக்கி நடந்து. மச்சான் நெட்டை. என் தோளுக்கு மேல் வழியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவான். "படி, மாப்ள." "இடது பக்கம் சுவரு, மாப்ள." நான் திரும்பிப் பார்ப்பதே இல்லை. திரும்பினால் கை முறுகும், கை முறுகினால் கண்ணாடி போச்சு. இத்தனை வருடத்தில் படி இருந்த இடத்தில் அவன் சொல்லாமல் விட்டதில்லை.

இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போது சொல்கிறான், இந்த முறை அவங்களுக்குத்தான் ஓட்டாம். அவங்களுக்காம்! விளையாடுகிறான்.

மார்ச் 5, வியாழன்

விளையாடவில்லை.

மார்ச் 6, வெள்ளி

சுவருக்கு வண்ணம் அடிக்கிறவன் அந்தக் கட்சிக்குப் போடட்டும், பஸ் ஓட்டுகிறவன் போடட்டும். எனக்கென்ன? ஊரில் பாதி முட்டாள் என்பது தெரிந்த சங்கதிதான். ஆனால் இவன்?

ஆஸ்பத்திரியில் இனி எல்லோருக்கும் மருந்து தர முடியாது என்று மேடைக்கு மேடை சொல்கிறவர்கள் அவர்கள். இவளுக்குச் சிறுநீரகம் பழுது. வாரா வாரம் அங்கே போய் மாத்திரை வாங்கித்தான் நடமாடுகிறாள். கூட்டிப் போகிறவன் யார்? இதே அண்ணன்தான். அந்த வரிசையில் அவளோடு உட்கார்ந்து எழுந்து வந்துவிட்டு, அதை மூடப் போகிறவனுக்கு ஓட்டுப் போட எப்படி மனசு வருகிறது? மனசு என்று ஒன்று இருந்தால்தானே.

மார்ச் 8, ஞாயிறு

ஓட்டுப் போட்டாச்சு. திரும்பி வரும்போது இவளிடம் கேட்டேன், யாருக்குப் போட்டாய் என்று.

"பெட்டிக்குள்ள போட்டேன்" என்றாள்.



மார்ச் 9, திங்கள்

ஜெயித்துவிட்டார்கள்.

மதியம் மச்சான் வந்தான். திங்கட்கிழமை சாப்பாடு எப்போதும் எங்கள் வீட்டில்தான். முகத்தில் பெரிய சந்தோஷம் என்றெல்லாம் சொல்ல முடியாது. கொஞ்சம் சந்தோஷமாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம், திட்ட வசதியாக இருந்திருக்கும். உட்கார்ந்து சாதத்தைப் பிசைந்தான். எனக்குத்தான் தாங்கவில்லை. "கூடப் பொறந்தவளக் கொல்றதுக்கு ஓட்டுப் போட்டுட்டு அவ கையாலயே எப்படிச் சாப்பிடுற நீ?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கையை எடுத்தான். கத்துவான் என்று பார்த்தேன், கத்தவில்லை.

"பெரிய அண்ணன் வேலை பார்த்த ஃபாக்டரிய மூடினது யாரு? உங்க ஆளுங்க. அன்னைக்கு நீ இதே இடத்துல உக்காந்து, எல்லாரோட நல்லதுக்குத்தான்னு சொன்ன. அதுக்கப்புறம் அண்ணன் எழுந்திருக்கவே இல்ல, குடிச்சே போய்ச் சேர்ந்தான். நான் உன்னக் கொலைகாரன்னு சொன்னேனா மாப்ள?"

அது வேறு, இது வேறு என்றேன். எப்படி வேறு என்றான். எனக்குச் சட்டென்று வரவில்லை. இப்போது வருகிறது. அந்த ஃபாக்டரி நஷ்டத்தில் ஓடியது, எப்படியும் மூடியிருப்பார்கள்... இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நல்ல பதில் எல்லாம் கை கழுவின பிறகுதான் வரும்.

இவள் நடுவில் வந்து நின்றாள். "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து இப்பவே புதைச்சிடாதீங்க" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், இரண்டு பேருடையதையும். நான் பாதிகூடச் சாப்பிடவில்லை.

மார்ச் 11, புதன்

ஒரு வீட்டுக்குக் குளியலறைக் கண்ணாடி மாட்டப் போனோம். வேலை முடிந்தது. ஒன்றும் உடையவில்லை.

"படி." "சுவரு." "நில்லு."

அவ்வளவுதான். "மாப்ள" இல்லை. இது இவ்வளவு உறுத்தும் என்று யார் கண்டது? போகட்டும், எனக்கென்ன வந்தது. நானும்தான் "மச்சான்" என்று கூப்பிடவில்லை. அங்கே இருக்கிற ஸ்பேனரைக் கொடுங்கள் என்றேன். கொடுங்கள்! அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை.

மார்ச் 14, சனி

முடிந்தது. நான்தான் சொன்னேன். மனசு ஒட்டாத ஆளோடு பாரம் தூக்க முடியாது என்றேன். சரி என்றான். கொஞ்சமாவது மல்லுக்கு நிற்பான் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டறையில் விளக்கை அணைத்து, பூட்டைக்கூட ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

இப்படிப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள், நாட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்திருக்கிறான்!

மார்ச் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி நாள். நான் கூட்டிப்போகத் தயாராகச் சட்டை போட்டு நின்றேன். கீழே ஹாரன். மச்சான் வண்டி. மேலே ஏறி வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இவள் பையை எடுத்துக்கொண்டு, "அண்ணன் வந்தாச்சு" என்று இறங்கிப் போனாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். அவள் ஏறுவதற்கு முன் இருக்கையைத் துடைத்துவிட்டான்.

இது என்ன கணக்கு? மருந்தை நிறுத்துகிறவனுக்கு ஓட்டு, மருந்து வாங்க வண்டி. அயோக்கியன் அயோக்கியனாக நடந்துகொண்டால் என்ன? மனுஷனை நிம்மதியாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறான்.

மார்ச் 23, திங்கள்

புது ஆள் கிடைத்தாயிற்று. நம்ம கட்சி அலுவலகத்தில் பழக்கம். தச்சு வேலை கொஞ்சம் தெரியும், உடம்பில் வலு இருக்கிறது, பேச்சும் தெளிவு. நான் பாதி சொன்னால் மீதியை அவன் சொல்கிறான். பட்டறையில் மறுபடி பேச்சுச் சத்தம். அப்பாடா!

இவள் அவனுக்குக் "கொள்கை" என்று பெயர் வைத்துவிட்டாள். "கொள்கை வந்திருக்கு, டீ போடவா?" என்கிறாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டுக்கு ஒரு தட்டு அதிகமாக எடுத்து வைத்தாள். பிறகு எடுத்து உள்ளே வைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மார்ச் 27, வெள்ளி

கொள்கை நல்ல ஆள்தான். ஆனால் பேச்சு நிற்பதில்லை. அளவெடுக்கும்போது எண்ணைச் சொன்னால், அதைக் குறித்துக்கொள்வதற்கு முன் அந்தக் கட்சிக்காரன் எவனாவது செய்த அக்கிரமத்துக்குப் போய்விடுகிறான். அவர்களுக்கு ஓட்டுப் போட்டவன் யாரும் மனுஷனே இல்லை, பெற்ற பிள்ளையைக்கூட விற்பான் என்றான். நான் மார்ச் 6 அன்று எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். இன்று அவன் வாயால் கேட்டபோது காது கூசியது. ஏன் என்று தெரியவில்லை. அடுத்த அளவைச் சொன்னேன்.

ஏப்ரல் 2, வியாழன்

கால் போச்சு. உயிர் போகவில்லை, அதுவரை லாபம்.

ஒரு வீட்டுக் கூடத்துக்கு ஆளுயரக் கண்ணாடி. நான் வழக்கம்போல் முன்னால், பின்னோக்கி. கொள்கை மறுமுனையில். நம் ஆட்கள் எல்லாம் ஒன்றாக நிற்காததால்தான் தோற்றோம் என்று சொல்லிக்கொண்டு வந்தான். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொன்ன அடுத்த காலடியில் தரை இல்லை. கூடத்துக்கு இறங்கும் படி. அவன் சொல்லவில்லை. பார்த்தானாம், ஆனால் வாக்கியத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தானாம்!

நான் மல்லாக்க விழுந்தேன். கண்ணாடி பக்கத்தில் விழுந்து உடைந்ததால் முகம் தப்பித்தது. கெண்டைக்காலில் கிழித்துவிட்டது. கணுக்கால் வேறு பிசகிவிட்டது. தையல் போடும்போது கொள்கை பக்கத்தில் நின்று, அந்த வீட்டுக்காரர் அந்தக் கட்சி ஆள், வேண்டுமென்றே படியை அந்த இடத்தில் கட்டியிருக்கிறார் என்றான். வீடு எனக்கு முன்னால் பிறந்த வீடு.

அவனைப் போகச் சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் சொன்னேன். இல்லை, இந்த டைரியிலும் பொய் எதற்கு? மரியாதையாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

பல் டாக்டரின் புது கிளினிக்குக்கு முகப்புக் கண்ணாடி. ஒரே துண்டு, பட்டறையில் இதுவரை செய்ததிலேயே பெரியது. அடுத்த வாரம் திறக்கிறார். பெரிய வேலை எல்லாம் வெளியூர்க் கம்பெனிக்குப் போகிறதே என்று ஓடி ஓடி வாங்கின ஆர்டர். மச்சானும் நானும் சேர்ந்து வாங்கினது. கண்ணாடி சுவரில் சாய்ந்து நிற்கிறது. நான் கட்டிலில் சாய்ந்து கிடக்கிறேன். தூக்க ஆள் இல்லை. ஆள் இருந்தாலும் இந்தக் காலை வைத்துக்கொண்டு பின்னோக்கி நடக்க என்னால் முடியாது.

 அண்ணனைக் கூப்பிடட்டுமா என்றுகூட இவள் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லக் காத்துக்கொண்டிருக்கிறேன். கேட்கமாட்டேன் என்கிறாளே!

ஏப்ரல் 7, செவ்வாய்

ஹாரன் இல்லை. படியேறி வந்தான். ஆஸ்பத்திரி நாள் என்பதால் இவளைக் கூட்டிப்போக வந்தான் என்று நினைத்தேன். நேரே என் கட்டிலுக்கு வந்து, காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான்.

"பின்னாடி நின்னவன் படி சொல்லலையா?"

"பேசிக்கிட்டு வந்தான்."

"என்ன பேசினான்?"

"ஒத்துமையப் பத்தி."

அவன் உதடு கோணியது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இவள் அடுப்படியில் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். அவளும் சிரித்திருப்பாள்.

நாளைக்கு மறுநாள் கிளினிக் கண்ணாடியை மாட்டிவிடலாம் என்றான். இந்தக் காலோடு நான் எப்படி முன்னால் போவது என்றேன்.

"நான் முன்னால போறேன். நீ பின்னாடி நின்னு சொல்லு. நொண்டிக்கிட்டே நடந்தாலும் கண்ணு நல்லாத்தானே இருக்கு."

இத்தனை வருடத்தில் அவன் ஒரு தடவைகூடப் பின்னோக்கி நடந்ததில்லை. அவனுக்கு அது ஆகாது, ஏணியில் இறங்கவே பயப்படுவான். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான் சொன்னது எதையும் திரும்பப் பெறவில்லை என்றேன். எதற்காக அப்போது அதைச் சொன்னேன்? புத்தி!

அவன் கதவருகில் நின்றான். "நீ என்னைய எப்படி வேணா நெனச்சுக்கோ. படிய மட்டும் சொல்லு."

ஏப்ரல் 9, வியாழன்

மாட்டிவிட்டோம்.

கனத்தை மச்சான் கூட்டி வந்த தச்சர்கள் இரண்டு பேர் நடுவில் தாங்கினார்கள். அவர்கள் எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தெம்பில்லை. முனைகளில் நாங்கள். தெருவிலிருந்து மூன்று படி, அப்புறம் ஒரு திருப்பம், அப்புறம் ஒரு சின்ன மேடு. அது கண்ணுக்கே தெரியாது.

இந்த முனை இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பின்னோக்கி வருகிறவன் வேறு எதையும் பார்ப்பதில்லை, உன் முகத்தைத்தான் பார்க்கிறான். அவன் கண் என் வாயை விட்டு நகரவில்லை. மேல் உதட்டில் வேர்வை. நான் "படி" என்றால் ஏறுகிறான். நான் "நில்லு" என்றால் நிற்கிறான். கொலைகாரன் என்று சொன்ன வாய்தானே இது? அதே வாயைப் பார்த்துத்தான் கால் வைக்கிறான்.  

முடிந்து, இரண்டு பேரும் நடைபாதையில் உட்கார்ந்து டீ குடித்தோம். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. உன் ஓட்டு தப்பு என்றேன். உன்னோடதும்தான் என்றான். டீயில் சர்க்கரை தூக்கல் என்பதில் மட்டும் ஒத்துப்போனோம்.

ஏப்ரல் 13, திங்கள்

மூன்று தட்டு.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம். மருந்து யாருக்குத் தொடரும், யாருக்கு நிற்கும் என்று அடுத்த மாதம் சொல்வார்களாம். இவள் வந்து சாதாரணமாகச் சொன்னாள், பஸ் நேரம் மாறினதைச் சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து மூடினாள். அந்த நோட்டீஸின் முன்னால் அண்ணன் ரொம்ப நேரம் நின்றாராம். 

 இன்று கேட்டுவிடுவது, நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்றுதான் மதிய வேலைக்குப் போனேன்.

ஒரு வீட்டில் மேசைக் கண்ணாடி மாற்ற வேண்டும். கால் இன்னும் சரியாகவில்லை, அதனால் மச்சான்தான் முன்னால், பின்னோக்கி. அந்த வீட்டுக்காரர் டி.வி.யைச் சத்தமாக வைத்திருந்தார். அவர்களுடைய மந்திரி பேசிக்கொண்டிருந்தார். மருந்தை நிறுத்துவதாக இன்னும் முடிவு செய்யவில்லை, மக்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்று.

மச்சான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கேட்டியா? இன்னும் முடிவாகலன்னுதானே சொல்றாரு" என்றான். குரலில் பழைய தெம்பு இல்லை. என்னிடம் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா, தெரியவில்லை.

என்னிடம் பதில் இருந்தது. இந்தத் தடவை கை கழுவும் வரை காத்திருக்க வேண்டாம், நாக்கு நுனியிலேயே இருந்தது. நல்ல பதில். ஆள் சுருண்டுவிடுவான். அவன் குதிகாலுக்கு ஒரு சாண் பின்னால் கூடத்துக்கு இறங்கும் படி.

"படி, மச்சான்" என்றேன்.