பவழமல்லிச் சிமிழ்

நவ. 16, ஞாயிறு
லேசான குளிர். மரம் கடையும் லேத்துக்கு எண்ணெய். கீழ் வீட்டு வங்காளி பௌதி (தெருவுக்கே அவர் அண்ணிதான்) ஒரு கட்டையோடு மாடி ஏறி வந்தார். மகள் மிட்டு பிறந்தபோது நட்ட பவழமல்லி, சித்திரைப் புயல்காற்றில் விழுந்தது. மழைக்காலம் முழுக்கப் படிக்கட்டடியில் கிடந்து மற்றதெல்லாம் உளுத்துவிட்டது. தேறியது இது ஒன்றுதான். கல்யாணத்தில் மிட்டு கையில் பிடிக்கும் சிந்தூரச் சிமிழ் இதில்தான் வேண்டுமாம். மணையில் உட்கார்ந்தது முதல் பெண் அதைக் கீழே வைக்கக் கூடாது. கல்யாணம் 30-ம் தேதி.
கட்டையில் நகம் உள்ளே போகிறது. ரஸ்க் மாதிரி. சூட்டில் இறுகும் பிசின், ரெசின், ஏற்றினால்தான் லேத்தில் நிற்கும். "ஆயிடும் பௌதி" என்றேன். பெரிய மேதாவி!

நவ. 18, செவ்வாய்
கட்டை என் மனைவி ராஜியின் ஓவனில். எடை இறங்குவது நிற்கும்வரை காய வேண்டும். ஈரம் இருந்தால் ரெசின் உள்ளே போகாது.
ஆபீஸ் போகுமுன் 412 கிராம். வந்தபின் 396.
ராஜி: "கேக் செய்யற ஓவன்ல கட்டையை வேக வெக்கிறீங்களே, நியாயமா இருக்கா?"
வாங்க: உப்புத்தாள். லேக் மார்க்கெட்டில் காபித்தூள்.

நவ. 20, வியாழன்
384. இன்னும் இறங்குகிறது. இரண்டு நாள் விடலாம். நாளை ராஜிக்கு ஓவன் வேண்டும். போதும் என்று நானே முடிவு கட்டினேன். அவசரக்குடுக்கை.
ஜாடியில் கட்டை, மேலே ரெசின், பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சினேன். சோடா போலக் குமிழ். இவ்வளவு சீக்கிரம் நின்றுவிட்டதே? லேசாகச் சந்தேகம்.

நவ. 22, சனி
அலுமினியத் தாளில் சுற்றி மறுபடி ஓவன். வெளியே கல் மாதிரி இறுகிவிட்டது. சந்தோஷம்.

நவ. 23, ஞாயிறு
வெளிப்பக்கம் வழவழ. உள்ளே குடைந்தால் ரெசின் எட்டாத மெத்தென்ற மரம். உளி மாட்டியது. படார். சுவரெல்லாம் சில்லு. "என்னாச்சுங்க?" என்று ராஜி. "ஒண்ணுமில்ல."
அலமாரியில் ஒரு மாங்கட்டை இருந்தது. மாலைக்குள் சிமிழ். பௌதி கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூ வாசம்கூட வருகிறதாம். மாங்கட்டை என்று சொல்லவில்லை. சீ.

நவ. 25, செவ்வாய்
குப்பை வண்டி விசில். சில்லுகளைப் பையில் கட்டிப் போட்டுவிட்டேன். ராஜி பார்ப்பதற்குள்.

நவ. 28, வெள்ளி
மிட்டு தோசைக்கு வந்தாள். சின்ன வயதிலிருந்தே இங்கேதான் தோசை, நான் அவளுக்குக் காகு (சித்தப்பா). தமிழும் ராஜி கற்றுக் கொடுத்ததுதான். ராஜி சட்னி அரைக்கும்போது, கட்டை உடைந்ததை மிட்டுவிடம் சொல்லிவிட்டேன். மாங்கட்டை என்பதையும்.
அழுவாள் என்று நினைத்தேன். இல்லை.
"உடஞ்சதுல ஒரு துண்டாவது இருக்கா காகு? சிமிழுக்குள்ள போட்டுக்கறேன்."
குப்பை வண்டியில் போட்டதைச் சொன்னேன்.
தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க." போய்விட்டாள். தோசை அப்படியே இருந்தது.
சொன்னால் பாரம் குறையும் என்றுதான் சொன்னேன். எனக்குக் குறைய, அவள் தலையில் ஏற்றினேன். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது! சுயநலம் பிடித்தவன்.

நவ. 30, ஞாயிறு
பட்டு வேட்டி. ராஜிக்குச் சங்கு ஊத வரவில்லை, ஒரே சிரிப்பு. சிவப்புப் பனாரஸில் மிட்டு, இரண்டு கையாலும் சிமிழைப் பிடித்துக்கொண்டு. பௌதி வருகிறவர்களையெல்லாம் இழுத்து நிறுத்திச் சொல்கிறார்: எங்கள் பவழமல்லி, மாடிவீட்டுக்காரர் கடைந்தது. என்னையும் முன்னால் தள்ளினார். மாப்பிள்ளையின் அக்கா குனிந்து பார்த்து, உன் மரமா என்று மிட்டுவைக் கேட்டாள்.
ஆமாம் என்று தலையாட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.