இரண்டாவது ஆமென்

திருவெறும்பூர்,
12-11-1966

மதிப்பிற்குரிய அக்காவுக்கு, இரும்பை ஊதியே உருக்கும் உங்கள் வீரத்தம்பி செல்லத்துரை எழுதிக்கொள்வது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

பிள்ளைகளுக்கு இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்: மாமா நேற்று ஓர் உலகப் போரை நிறுத்தினார்! பதற வேண்டாம், இரத்தம் சிந்தவில்லை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அற்புதசாமி கத்தோலிக்கர். மனைவி டோரதி நம்மைப்போலப் புராட்டஸ்டன்ட் சபை. புதுவீட்டை மந்திரிக்க அவர் பாலக்கரைப் பங்குச் சாமியாரை அழைத்திருக்கிறார், அவள் ஜெபிக்க நம் சபைப் போதகர் ஐயரை. ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. சாமியாரும் ஐயரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

"எங்க சாமி மந்திரிக்காம நான் உள்ள வரமாட்டேன்" என்றார் அற்புதசாமி.

"ஏங்க, எங்க ஐயரு ஜெபிக்காம இந்த அடுப்புல பால் பொங்காது" என்று டோரதி அழுதே விட்டாள். வாசலில் இமயமும் பொதிகையும்போல இரு பெரியவர்களும் முறைத்து நின்றார்கள்.

நான் முழங்கினேன்: "ஆண்டவரே கத்துக்கொடுத்த ஜெபம் ரெண்டு பேருக்கும் தெரியும். சேர்ந்து சொல்லுங்களேன்!"

சொன்னார்கள். ஆனால் கத்தோலிக்கர் ஜெபத்தில் நம் கடைசி வரி கிடையாதாம். சாமியார் ஆமென் சொல்லி முடித்துவிட்டார். நம் ஐயரோ ராஜ்யம், வல்லமை, மகிமை என்று தனியே போய்க்கொண்டிருந்தார். காவிரியே ஓடாமல் நின்றது அக்கா! சாமியார் தலை நிமிரவில்லை. ஐயர் முடிக்கும்வரை காத்திருந்து, ஓங்கி இன்னொரு ஆமென் சொன்னார்.

"பாலைக் காய்ச்சும்மா" என்றார் ஐயர், டோரதியிடம்.

அடுத்த மாதம் என் அறையில் ஜெபம், சாமியாரும் ஐயரும் வருகிறார்கள். ஒரு பாயும் கொஞ்சம் முந்திரிக்கொத்தும் அனுப்புங்கள். இங்கே கடையில் பலகாரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை நீட்டி, "எங்க அக்கா செஞ்சது" என்று சொல்ல முடியாதே.

ஷிஃப்ட் சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

தம்பி
செல்லத்துரை