உன் காலடியில் விழுந்த ஓட்டை

என் வம்புக்காரி சரசுவுக்கு,

போன இடத்திலும் யாரையாவது அதட்டிக்கொண்டு நலமாகத்தான் இருப்பாய். இங்கே நானும் நம் வெள்ளைக் காரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். கிளம்பும்போது இருமல், நின்ற பிறகும் கொஞ்சம் நடுக்கம். யாரைச் சொல்கிறேன் என்று நீயே யோசித்துக்கொள்.

காரின் கிலோமீட்டர் மீட்டர் மறுபடியும் ஒரு சுற்று முடிந்து பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, தெரியுமா? சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும்போது பார்த்தேன். புது வண்டி வாங்கியவன்போல நிமிர்ந்து உட்கார்ந்து, உன்னிடம் சொல்ல இடது பக்கம் திரும்பினேன். உன் சீட்டில் வெயில் மட்டும் உட்கார்ந்திருந்தது.

உன் திதிக்குக் கொடுமுடி காவேரிக்கரைக்கு வரவேண்டும். வண்டியோ காலையில் நீலப் புகை விடுகிறது. "என்னோட கார்ல போலாமுங்கப்பா. இத வித்துப்போட்டு நிம்மதியா இருங்க" என்கிறான் நம் பையன். உன்னைப் பார்க்க நான் பின்சீட்டில் சாமான் மாதிரி வருவதா?

அதனால் ஒண்டிப்புதூர் பட்டறைக்கு, நம் மெக்கானிக் ஸ்டீபனிடம் கொண்டுபோனேன். நீ கதவை அறைந்து சாத்துகிறாய் என்று ஒருமுறை சொல்லிவிட்டு உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டானே, அவனேதான். எஞ்சினைப் பிரிக்கச் சொல்வானோ என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவன் புகைக்குழாயைத் தடவிப் பார்த்தான். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். பிறகு வண்டிக்கு அடியில் நுழைந்தவன் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"ஏனுங்கப்பா, புகை கெடக்குதுங்க. ஆயில் கொறையக் கொறைய ஊத்தி ஓட்டுங்க. ஆனா எடது பக்கம் தரைத்தகடு துருப்புடிச்சுப் போச்சுங்க. சீட்டைப் புடிச்சிருக்கிற எடத்துலயே பலமில்லீங்க. புதுத்தகடு வெச்சு வெல்டிங் அடிக்கோணும். அதுவரைக்கும் அந்த சீட்டுல ஆரையும் உக்கார வெக்காதீங்க."

"இருமலுக்கு மருந்து கேட்டா, கால்ல கட்டுப் போடறேங்கற."

பையனுக்குப் போன் போட்டேன். "வேல புடிக்கறானுங்கப்பா. பழைய வண்டின்னா இல்லாத சீக்கெல்லாம் சொல்லுவாங்க" என்றான். எனக்கும் சந்தேகம்தான். உன் சீட்டை ஒருவன் குறை சொன்னால் உடனே நம்பிவிடுவேனா?

கடைசியில் உன் வழிக்குத்தான் போனேன். காங்கேயத்தில் மாடு பார்க்கப் போனால், விற்கிறவனிடம் ஒன்றைக் கேட்பாய். பிறகு ஊர்க்கதை பேசுவாய். அவன் அசந்த நேரத்தில் அதையே தலைகீழாகத் திருப்பிக் கேட்பாய். அப்படியே நானும் ஸ்டீபனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மகள் கல்யாணத்தை விசாரித்தேன். அப்புறம் மெதுவாக, "ஏந் தம்பி, தகடு கெடக்குது. எஞ்சினையே பிரிச்சுப் பாத்துட்டா என்ன?" என்று பெரிய வேலையாகவே தூண்டில் போட்டேன். பொய்க்காரனாக இருந்தால் கடிப்பான்.

அவன் டீயை ஊதிக் குடித்தான். "வேண்டாமுங்க. தகடுதான் மோசம்." பிறகு சிரித்தான். "அம்மா மாதிரியே கேக்கறீங்க. என்ன, அவிய டீ வாங்கித் தர மாட்டாங்க. நம்பாட்டி நீங்களே எடது பக்கத்து மிதியடியத் தூக்கிப் பாருங்களேன்."

தூக்கினேன், சரசு. ஓட்டை. ஒரு குடத்தின் அடி அளவுக்கு, உருண்டையாக. அதன் வழியே பட்டறை மண்ணும் எறும்பு வரிசையும் தெரிந்தன.

வருஷா வருஷம் மாரியம்மன் நோம்பிக்குக் கொடுமுடியிலிருந்து காவேரித் தீர்த்தம் கொண்டுவருவோமே. குடத்தை டிக்கியில் வை என்றால் கேட்டாயா? "ஏனுங், சாமித் தீர்த்தத்த ஸ்டெப்னிகூடவா வெப்பாங்க?" என்று உன் காலுக்கு நடுவில் வைத்துக்கொள்வாய். வேகத்தடை வந்தால் தளும்பும். நான் துணியை எடுத்தால், "தீர்த்தத்தத் தொடைக்கப்படாதுங்" என்று கையைத் தட்டிவிடுவாய். அத்தனை வருஷத் தீர்த்தமும் மிதியடிக்கு அடியிலேயே தங்கியிருந்திருக்கிறது. அவன் சொன்னது பொய்யில்லை என்பதற்கு இனி எவனுடைய சாட்சி வேண்டும்?

"ஏனுங்கப்பா சிரிக்கறீங்க?"

"ஊட்டுக்காரி வேல தம்பி இது. வெல்டிங் அடிச்சுப்போடு."

தகடு நாளைக்குத்தான் வருமாம். மெதுவாக ஓட்டிப் போகச் சொன்னான். "அந்த சீட்டுல மட்டும் ஆரும் வேண்டாமுங்க" என்று மறுபடி எச்சரித்தான்.

"இப்ப அதுல உக்கார்றவளுக்கு எடையே இல்ல தம்பி."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பக்கம் போய், இடது கதவைத் திறந்து, நீ சாத்துகிற மாதிரியே அறைந்து சாத்தினான்.

பொழுது சாயும் நேரம். குளத்துக்கரையில் வண்டி தானாகவே வேகம் குறைத்துக்கொண்டதுபோல இருந்தது. தூக்கிய மிதியடியை நான் திரும்பப் போடவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். நீ கால் வைக்கும் இடத்தில் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பாக, பளபளவென்று, விளக்கு வெளிச்சம் விழும்போது சின்னச் சின்ன அலையோடு. காவேரியேதான். பாதத்தை நனைத்துக்கொண்டு நீ வருகிறாய், நான் பேசாமல் ஓட்டுகிறேன். வீடு ஏன் அவ்வளவு சீக்கிரம் வந்தது?

நாளைக்கு ஓட்டை அடைபட்டுவிடும். திதிக்கு நம் வண்டியிலேயே வருவேன், பையனைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு. திரும்பும்போது தீர்த்தமும் வரும். குடத்தில் இல்லை, மூடி போட்ட கேனில். டிக்கியில் வைக்கமாட்டேன், உன் இடத்திலேயே வைக்கிறேன். ஆனால் ஒரு சொட்டுச் சிந்தினாலும் துடைப்பேன், அம்மணி. கையைத் தட்டிவிட வேண்டுமென்றால், நீயே வந்து தட்டிவிடு.

இன்னும் உனக்கு வண்டி ஓட்டுகிற,
உன் ஊட்டுக்காரன்