உப்புக்காற்றுப் படாத ஜப்பான் தோட்டம்

சுருவில் கிராமம்.

அன்பு மகள் கம்சிகாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பிழையில்லாமல் இருக்கிறோம். ஜப்பானில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று அம்மா வெள்ளிக்கிழமைகளில் நெய்விளக்கு ஏற்றுகிறா. நீ போனை எடுக்காதபடியால் அது பலித்ததா என்று சொல்ல முடியவில்லை. மாடு கன்று போட்டிருக்கிறது. பின்வளவு வேலியைக் காற்று சாய்த்துவிட்டது.

எங்கள் கல்யாண நாளுக்கு நீ அனுப்பிய படத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். நூறு வருசத்துக்கு முந்தினது, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மரக்கட்டை செதுக்கி ஒற்றினது, நீ சேர்த்து வைத்த தோட்டப் படங்களிலேயே நல்லது என்றாய். உப்புக்காற்றுப் படக்கூடாது, பூச்சி அரிக்கக்கூடாது என்றும் நீதான் சொன்னாய். இந்தத் தீவில் அந்த இரண்டுக்கும் தெரிந்த மருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் சூடாக ஒட்டி லமினேற் செய்வது ஒன்றுதான். காணி உறுதிப் பத்திரம், உன் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. இடம்பெயர்ந்து ஓடினபோது எங்கள் கல்யாணப் படங்கள் மழையில் ஊறி ஒட்டிக்கொண்டன, பிரித்துப் பார்த்தால் அம்மாவின் முகம் ஐயரின் முதுகில் இருந்தது. அதற்குப் பிறகு நான் எந்தக் கடதாசியையும் நம்பி விட்டதில்லை. போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் பிரியவதனி படத்தைப் பார்த்துவிட்டு, "ஜப்பானிலையும் காணி வாங்கிப்போட்டியளோ" என்று கேட்டாள். நல்ல தடித்த உறையாகப் போட்டுத் தந்தாள். மடியாது என்று உனக்கு வீடியோவில் வளைத்தும் காட்டினேன். கடதாசி மூச்சுவிட வேண்டும் என்று அழுதுகொண்டே போனை வைத்துவிட்டாய்.

முதலில் எனக்கும் கோபம்தான், ஒரு பிஞ்சுகூட இல்லாத தோட்டத்துக்கு இவ்வளவு அழுகையா என்று. பிறகு ஒரு கிழமையாகப் பார்க்கிறேன். ரியூப் லைற்றின் கீழ் பளபளத்து ஒன்றும் தெரியாது, வாசலில் சரித்துப் பிடிக்க வேண்டும். குளம், கல்விளக்கு, பனிப் பாரத்தில் கிளை முறியாமல் கயிறு கட்டித் தூக்கிவிட்ட மரம். கயிறு கட்டினவன் வேலை தெரிந்தவன். வானத்து நீலம் மேலே கடுமையாகத் தொடங்கிக் கீழே வரவர இல்லாமற் போகிறது, எங்கே முடிகிறதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பார்சலைப் பிரித்த அன்று, பனி கொட்டிக் கிடந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். அங்கே மையே இல்லை, கடதாசிதான் மேடு மேடாக எழும்பியிருந்தது. இப்போது தடவினால் என் அடையாள அட்டை போல வழுக்குகிறது. நீ எதற்கு அழுதாய் என்று அப்போதுதான் விளங்கியது. பிழை என்னுடையது, பிள்ளை. எனக்குச் சரியான கவலை.

உறையைக் கழற்றப் பார்க்க வேண்டாம் என்று செய்தி போட்டிருந்தாய், நான் தொடவில்லை. தைப்பொங்கலுக்கு வரமாட்டேன், இதோடு சோடியான மற்றப் படத்தையும் தரமாட்டேன் என்றும் எழுதியிருந்தாய். படம் வராவிட்டால் சுவரில் வேறு ஏதாவது மாட்டலாம். நீ வா. அம்மா உன் அறையைக் கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டுவிட்டா. வரவில்லையாம் என்று அவவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐயனார் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மற்றப் படத்திலும் அப்படி மேடு இருக்குமென்றால், கண்ணாடிச் சட்டம் போட முன்னம் ஒருமுறை அம்மாவின் கையில் கொடு. பார்சலைப் பிரித்த அன்று அவ குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவ, கை கழுவிக்கொண்டு வாறன் என்றவ. அதற்குள் நான் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சரவணமுத்து